நூல் பிசகாத அறுப்பு: மேசை ரம்பத்துக்கு ஒரு வழிச்சட்டம்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கரையில் கூடிய வணிகர்களிடம் ஒரு விந்தையான கருவித் தொகுதி இருந்தது. ஒரே அகலமுள்ள சிறு பித்தளைச் சல்லடைகள்; ஆனால் துளைகள் மட்டும் வெவ்வேறு. ஒன்றில் 20 துளைகள், அடுத்ததில் 30, அதற்கடுத்ததில் 50 என்று போய், கடைசிச் சல்லடையில் 1000 துளைகள் இருக்கும். எண்ணிக்கை கூடக் கூடத் துளையின் அளவு சிறுத்துக்கொண்டே வரும். முத்துகளை இட்டு அசைத்தால் பெரியவை தங்கும், சிறியவை விழும். விழுந்தவை அடுத்த சல்லடைக்குச் செல்லும். எந்த முத்து எந்தத் தரம் என்பதில் விற்பவரும் வாங்குபவரும் சச்சரவிட வேண்டியதில்லை. அளவு யாருடைய கண்ணிலும் இல்லை; அது கருவியிலேயே இருந்தது.

1961ஆம் ஆண்டோடு அந்த முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் அந்தச் சல்லடை சொல்லும் பாடம் நிற்கவில்லை. ‘அளவைக் கண்ணில் வைக்காதே, கருவியில் வை’ என்பதே அப்பாடம். இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கும் அது பொருந்தும், தச்சுப் பட்டறைக்கும் பொருந்தும். இக்கட்டுரையில் நாம் காணப்போவது தச்சுப் பட்டறைக்குரிய அத்தகைய ஒரு கருவி. பலகையை நெடுக்காக அறுக்கும்போது அதற்கு வழிகாட்டி நிற்கும் சட்டம் அது. பட்டறைகளில் இதனைக் ‘கைடு’ என்பார்கள். நாம் வழிச்சட்டம் என்று அழைப்போம். இதை நீங்களே செய்துகொள்ளலாம். செய்வதற்கு முன் அது ஏன் தேவை, எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்வது மிக அவசியம். ஏனெனில் இங்கே பிழை நேர்ந்தால் கெடுவது மரம் மட்டுமல்ல; விரல்களும்தான்.

நூல் அடித்தலும் வழிச்சட்டமும்

தச்சர்கள் பலகையை நெடுக்காக அறுக்க வேண்டுமானால் முதலில் நூல் அடிப்பார்கள். சாயம் தோய்த்த நூலை இரு முனைகளிலும் இழுத்துப் பிடித்து, நடுவே சற்றுத் தூக்கி விட்டால், மரத்தின்மேல் நேர்கோடு ஒன்று விழும். அந்தக் கோட்டின் வழியே வாளைச் செலுத்துவார்கள். ‘நூல் பிடித்தாற்போல்’ என்று நாம் பேச்சில் சொல்வது இதைத்தான். தச்சரின் அளவுகோலிலும் நூல் உண்டு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 3 மி.மீ., ஒரு நூல் ஆகும்.

தூத்துக்குடியின் மரத் தோணிகள் இவ்வாறு நூலடித்துக் கையால் அறுத்த பலகைகளால் உருவானவை. ஒரு காலத்தில் பாய் விரித்துக் கொழும்புக்குச் சென்ற இத்தோணிகள் பின்னர் இயந்திரம் பொருத்தப்பெற்று, பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் செல்கின்றன. தோணியின் வயிற்றுப் பலகைகள் வளைந்தும் முனைகளில் குறுகியும் வருபவை. அவற்றை இன்றும் வரைந்துதான் அறுக்க வேண்டும். ஆனால் மேல்தளப் பலகை, சரக்கறை மூடி, சட்டங்கள், மீன் பெட்டி, கதவு, சன்னல் ஆகியவற்றுக்கு இரு விளிம்பும் இணையாக உள்ள பலகைகள் வேண்டும். மேல்தளப் பலகைகளின் விளிம்பு கோணினால் இணைப்பின் இடைவெளி ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் போகும். அகன்ற இடத்தில் கலப்பத்து அடைத்த பஞ்சு நிற்காது, தண்ணீர் கசியும்.

இத்தகைய இணை விளிம்புகளை விரைவாக அறுப்பதற்கு ஏற்றது மேசை ரம்பம். மேசையின் நடுவிலுள்ள பிளவின் வழியே வட்ட ரம்பத்தின் ஒரு பகுதி மேலே நீட்டிக்கொண்டு சுழலும். நாம் ரம்பத்தைத் தள்ளுவதில்லை, பலகையைத் தள்ளுகிறோம். ஆகவே கோடு மரத்தில் இருந்து பயனில்லை. கோடு இயந்திரத்திலேயே இருக்க வேண்டும். ரம்பத்துக்கு இணையாக மேசைமேல் பொருத்தப்படும் வழிச்சட்டமே அந்தக் கோடு. ஒருமுறை இழுத்துக் கட்டிய பின் தளராத நூல் என்று அதைச் சொல்லலாம்.

கப்பலிலிருந்து பிறந்த இயந்திரம்

வட்ட ரம்பத்தின் வரலாறும் கடலோடு பிணைந்ததே. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் என்பவர் 1777ஆம் ஆண்டு பெற்ற காப்புரிமையில் வட்ட ரம்பம் குறிப்பிடப்படுகிறது. அதே நகரில் வால்டர் டெய்லர் என்பவர் பாய்மரக் கப்பல்களுக்கான கப்பிகளைச் செய்ய வட்ட ரம்பங்களைப் பயன்படுத்தினார். பாய்களை ஏற்றவும் இறக்கவும் ஒவ்வொரு கப்பலுக்கும் நூற்றுக்கணக்கான கப்பிகள் வேண்டும். பின்னர் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் மார்க் புரூனல் வகுத்து, ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கிய இயந்திரங்கள் கப்பி செய்யும் பணியை ஏற்றன. 1808ஆம் ஆண்டில் அங்கே 1,30,000 கப்பிகள் செய்யப்பட்டன. முன்பு 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தனர். இயந்திரங்களின் விரைவு மட்டும் இதற்குக் காரணமன்று. ஒவ்வொரு கட்டையும் தனக்குரிய பிடியில் ஒரே நிலையில் அமர்ந்தது. ஆகவே ஒவ்வொன்றும் ஒரே அளவில் வந்தது. முத்துச் சல்லடையின் தத்துவமே இங்கும் வேலை செய்வதைக் காணலாம்.

ரம்பம் ஏன் பலகையைத் திருப்பி எறிகிறது?

நம் ஊர்ச் சிறு பட்டறைகளில் பொதுவாகப் பயன்படும் 10 அங்குல ரம்பத்தை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் 254 மி.மீ.; எனவே சுற்றளவு சுமார் 0.8 மீட்டர். நிமிடத்துக்கு 2,800 முறை சுழன்றால் விநாடிக்கு ஏறத்தாழ 47 சுற்றுகள். ஆகவே பல்லின் வேகம் விநாடிக்கு 37 மீட்டர். அதாவது மணிக்கு 134 கிலோமீட்டர். சிறந்த வேகப்பந்து வீச்சாளர் எறியும் பந்தின் வேகம் இது. 24 பற்கள் உள்ள ரம்பமானால் ஒவ்வொரு விநாடியும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்கள் ஓரிடத்தைக் கடந்து செல்கின்றன.

இப்போது பற்கள் செல்லும் திசையைக் கவனியுங்கள். நமக்கு அருகிலுள்ள முன்பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. அவை பலகையை மேசையோடு அழுத்துகின்றன, இது நன்மையே. உச்சியிலுள்ள பற்கள் நம்மை நோக்கி வருகின்றன. பின்புறப் பற்களோ மேல்நோக்கி ஏறுகின்றன. அறுப்பு முழுவதும் முன்பற்களின் வேலை. அறுபட்ட விளிம்பு பின்பற்களைத் தொடாமல் கடந்து சென்றுவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை.

ஆனால் வழிச்சட்டம் சற்றே கோணி, அதன் பின்முனை ரம்பத்தை நெருங்கி நின்றால் என்னவாகும்? பலகை முன்னேற முன்னேற, சட்டத்துக்கும் பின்பற்களுக்கும் இடையே ஆப்புப் போல நெருக்கப்படும். ஏறிவரும் பின்பற்கள் அதன் விளிம்பைக் கவ்வித் தூக்கும். தூக்கப்பட்ட பலகை ரம்பத்தின் உச்சியில் ஏறியதும், அங்குள்ள பற்கள் அதை நம்மை நோக்கி வீசி எறியும். இதனைப் பின்னுதைப்பு என்று கூறலாம். கண் இமைக்கும் நேரத்துக்குள் இது முடிந்துவிடும்.

ஒரு கிலோ எடையுள்ள பலகை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறியப்படுவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ½ × 1 × 20 × 20 = 200 ஜூல். பத்துக் கிலோ எடையுள்ள கல் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றல் இது. அடிபடுவது ஒரு கேடு. இன்னொரு கேடு அதைவிடக் கொடியது. பலகை திடீரென்று விலகியதும், அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை தடையின்றி ரம்பத்தின்மேல் போய்விடும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் மேசை ரம்பத்தால் காயமுற்று மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வருவதாக அந்நாட்டு அரசு மதிப்பிட்டுள்ளது.

எவ்வளவு கோணலைப் பொறுக்கலாம்?

ரம்பம் மேசைக்கு மேல் 30 மி.மீ. நீட்டியிருப்பதாகக் கொள்வோம். ஆரம் 127 மி.மீ.; மேசையின் மேற்பரப்பு ரம்பத்தின் மையத்துக்கு 97 மி.மீ. மேலே இருக்கிறது. பித்தகோரஸ் தேற்றப்படி, மேசை மட்டத்தில் ரம்பத்தின் பாதி நீளம் 82 மி.மீ.; முழு நீளம் 164 மி.மீ. ஆகும்.

வழிச்சட்டத்தின் நீளம் 750 மி.மீ. என்போம். அதன் பின்முனை ஒரு நூல், அதாவது 3 மி.மீ., உள்ளே சாய்ந்திருந்தால், ரம்பத்தின் 164 மி.மீ. நீளத்துக்குள் ஏற்படும் நெருக்கம் 3 × 164 ÷ 750 = 0.66 மி.மீ. பின்பற்கள் பலகைக்குள் அரை மி.மீட்டருக்கும் மேல் கடிக்கும் என்பது இதன் பொருள். பின்னுதைப்புக்கு இது தாராளமாகப் போதும். பின்முனை 1 மி.மீ. சாய்ந்தாலும் 0.2 மி.மீ. நெருக்கம் உண்டாகும்; விளிம்பில் கருகிய தடமும் பல்தடமும் தெரியும்.

எனவே நம் குறிக்கோள் தெளிவாகிவிட்டது. சட்டம் ரம்பத்துக்கு இணையாக இருக்க வேண்டும். சரியாக இணையாக அமைக்க முடியாவிட்டால், பின்முனை அரை மி.மீ. வரை ரம்பத்தை விட்டு விலகியிருக்கலாம். நெருங்கியிருத்தல் ஒருபோதும் கூடாது. மேசைமேல் ஒரு ரீப்பரை இரண்டு ஆணிகளால் அடித்துவிட்டு அறுக்கும் வழக்கம் ஏன் ஆபத்தானது என்பது இப்போது புரியும். கண்மதிப்பில் அரை மி.மீட்டரை யாராலும் பிடிக்க முடியாது.

முக்காலி ஆடாது

முக்காலி எந்தத் தரையில் வைத்தாலும் ஆடுவதில்லை, நாற்காலி ஆடுகிறது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும். நான்காவது புள்ளி அமையலாம், அமையாமலும் போகலாம். நுண்கருவிகளை அமைப்பதில் மாக்ஸ்வெல், கெல்வின் போன்ற இயற்பியலாளர்கள் வலியுறுத்திய கருத்து இதுவே. ஒரு பொருளைத் திட்டமாக நிறுத்தத் தேவையான புள்ளிகளில் மட்டும் அதைத் தொட வேண்டும். அதற்கு மேல் தொட்டால் ஒன்றோடொன்று முரண்படும்.

நம் வழிச்சட்டமும் ‘டி’ வடிவ முக்காலிதான். மேசையின் முன் விளிம்பை ஒட்டி நிற்கும் தலைப்பலகை அந்தத் ‘டி’யின் குறுக்குக் கட்டை. அது முன் விளிம்பை இரண்டே புள்ளிகளில் தொடும். இரண்டு புள்ளிகள் ஒரு நேர்கோட்டைத் தீர்மானிக்கும். எனவே சட்டத்தின் திசை அங்கேயே முடிவாகிவிடும். பின்முனையில் ஒரு கொக்கி, மேசையின் பின் விளிம்பை ஒரே புள்ளியில் தொட்டு இழுத்துப் பிடிக்கும். அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதியில் பில் பீஸ்மேயர் என்பவர் பிரபலமாக்கிய வழிச்சட்டமும் ‘டி’ வடிவமே. முன்னால் மட்டும் இறுகும் அது கனத்த இரும்புக் குழாயால் ஆனது. நாம் ஒட்டுப்பலகையால் செய்வதால் பின்னாலும் பிடித்துக்கொள்கிறோம்.

தலைப்பலகை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? தொடும் புள்ளிகளில் 0.2 மி.மீ. பிசகு இருப்பதாகக் கொள்வோம். ஒரு தூசோ துருவோ போதும், அந்தப் பிசகு வந்துவிடும். புள்ளிகளுக்கிடையே 150 மி.மீ. தொலைவிருந்தால், 750 மி.மீ. தள்ளியுள்ள பின்முனையில் அது ஐந்து மடங்காகி 1 மி.மீ. ஆகும். தொலைவு 375 மி.மீ. ஆனால் இரு மடங்காகி 0.4 மி.மீ. மட்டுமே ஆகும். ஆகவே தலைப்பலகையைக் குட்டையாக வைத்துச் சிக்கனம் செய்யாதீர்கள். துல்லியம் முழுவதும் அந்த நீளத்தில்தான் இருக்கிறது.

ஒற்றைப் பலகையா, பெட்டியா?

18 மி.மீ. கனமும் 75 மி.மீ. உயரமும் உள்ள ஒற்றை ஒட்டுப்பலகையை நிறுத்தி வழிச்சட்டமாக்கினால் என்ன? முன்முனை மட்டும் இறுகப் பிடிக்கப்பட்டு, 750 மி.மீ. தள்ளியுள்ள பின்முனையை 5 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் தள்ளுவதாகக் கொண்டு கணக்கிட்டால், முனை சுமார் 24 மி.மீ. வளையும். இது ஒரு நூல் அல்ல, எட்டு நூல்.

அதே இரண்டு பலகைகளை 24 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்தி, மேலும் கீழும் பட்டிகளால் மூடிப் பெட்டியாக்கினால் மொத்த அகலம் 60 மி.மீ. ஆகிறது. உத்தரத்தின் விறைப்பு அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், அதே விசைக்கு வளைவு சுமார் 0.7 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். மரம் இரண்டு மடங்கைவிடச் சற்றே கூடுதல்; விறைப்போ ஏறத்தாழ 35 மடங்கு. மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் வளையாமல் நிற்பது இதனால்தான். பின்முனையையும் கொக்கி பிடித்துக்கொண்டால் வளைவு இன்னும் சுருங்கிவிடும். அந்த வெறுமையும் வீணாகாது. கொக்கியை இழுக்கும் கம்பி அதன் வழியேதான் செல்லப்போகிறது.

ஏன் ஒட்டுப்பலகை? கட்டி மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று இழையின் குறுக்கே பருக்கும், வறண்டால் சுருங்கும். தேக்குப் போன்ற நல்ல மரமே ஈரம் ஒரு சதவீதம் மாறும்போது குறுக்கே சுமார் 0.2 சதவீதம் மாறும். 60 மி.மீ. கனமுள்ள கட்டையில் ஈரம் 4 சதவீதம் மாறினால் ஏறத்தாழ அரை மி.மீ. வேறுபாடு வந்துவிடும். மே மாத வெயிலில் செய்த சட்டம் ஐப்பசி மழையில் வேறு அளவு காட்டும். ஒட்டுப்பலகையில் அடுக்குகளின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால், ஒன்றின் நகர்வை மற்றொன்று தடுத்துவிடுகிறது. கடற்கரை ஊரானால் நீர் தாங்கும் மெரைன் ஒட்டுப்பலகையே நல்லது.

செய்முறை

மேசையின் முன்பின் அளவு 750 மி.மீ. என்று வைத்துக்கொண்டு அளவுகளைத் தருகிறேன். உங்கள் மேசைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முன்பட்டை: மேசையின் முன் விளிம்பு முழுவதும் 50 மி.மீ. அகலமும் 5 மி.மீ. கனமும் உள்ள உலோகப் பட்டையைத் திருகாணிகளால் பொருத்துங்கள். உப்பளக் காற்று வீசும் ஊர்களில் சாதா இரும்பு விரைவில் துருவேறும். எவர்சில்வர் அல்லது அலுமினியம் ஏற்றது. பட்டை நேராக இருக்கிறதா என்று நூலால் சோதியுங்கள். இரு முனைகளிலும் ஒரே வகை நாணயம் ஒவ்வொன்றை வைத்து, அவற்றின்மேல் நூலை இழுத்துக் கட்டுங்கள். அதே வகை மூன்றாவது நாணயம் நூலுக்கும் பட்டைக்கும் இடையே எல்லா இடத்திலும் ஒரே சீராக நுழைந்தால் பட்டை நேரானது.

2. பெட்டிச் சட்டம்: 18 மி.மீ. ஒட்டுப்பலகையில் 770 × 75 மி.மீ. அளவில் இரண்டு பக்கப் பலகைகள், 12 மி.மீ. ஒட்டுப்பலகையில் 770 × 24 மி.மீ. அளவில் இரண்டு பட்டிகள். பட்டிகளை மேலும் கீழும் இடையில் வைத்துப் பசையிட்டு, சமதளமான மேசைமேல் கிளாம்ப் போட்டு ஒருநாள் விட்டுவிடுங்கள். பசை காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவமே நிலைக்கும். ஆகவே அடியிலுள்ள மேசை கோணினால் சட்டமும் கோணும்.

3. தலைப்பலகை: 420 × 135 மி.மீ. ஒட்டுப்பலகை. பெட்டியின் முன்முனையை இதன் மேற்பகுதியில் செங்கோணமாகப் பொருத்துங்கள். தலைப்பலகையின் கீழ்ப்பகுதி 60 மி.மீ. மேசைக்குக் கீழே தொங்கும். இருபுறமும் முக்கோண முட்டுகள் வைத்துப் பசையும் திருகாணியும் இடுங்கள்.

செங்கோணத்தைச் சோதிக்க மூலைமட்டம் போதும். ஆனால் மூலைமட்டமே சரியானதா? அதன் கட்டையை நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு இழுங்கள். பிறகு அதைப் புரட்டி மறுபுறம் திருப்பி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றினால் மூலைமட்டம் சரி. விரிந்தால், விரிந்த கோணத்தில் பாதி அதன் பிழை. மூலைமட்டம் இல்லாவிட்டால் 300, 400, 500 மி.மீ. பக்கங்களுள்ள முக்கோணம் கை கொடுக்கும்.

4. தொடு புள்ளிகள்: தலைப்பலகையின் கீழ்ப்பகுதியில், ஒன்றுக்கொன்று 375 மி.மீ. தொலைவில், 6 மி.மீ. மரையுள்ள இரண்டு பித்தளைப் போல்ட்டுகளை நட்டுகளோடு பொருத்துங்கள். அவற்றின் உருண்டைத் தலைகள்தாம் முன்பட்டையைத் தொடும். 6 மி.மீ. போல்ட்டின் மரை வழக்கமாகச் சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். ஆகவே ஒரு போல்ட்டைக் கால் சுற்றுத் திருப்பினால் அது 0.25 மி.மீ. நகரும்; சட்டத்தின் பின்முனை அரை மி.மீ. நகரும். ஆய்வுக்கூடத்துத் திருகு அளவி வேலை செய்வதும் இதே முறையில்தான். திருத்தம் முடிந்ததும் பூட்டு நட்டால் இறுக்கிவிடுங்கள்.

5. கொக்கியும் கம்பியும்: பெட்டியின் பின்முனை மேசையைத் தாண்டி 20 மி.மீ. நீட்டியிருக்கும். 40 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் உள்ள இரும்புப் பட்டை ஒன்றை அங்கே செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். அதன் மேல்முனை பெட்டியின் பின்முகத்தில் சாய்ந்திருக்க வேண்டும். கீழ்முனையில் உருண்டைத் தலைப் போல்ட் ஒன்று மேசையின் பின் விளிம்பை நோக்கி நிற்க வேண்டும். முழுநீளம் மரை வெட்டிய 10 மி.மீ. கம்பியை, கொக்கியிலும் தலைப்பலகையிலும் துளையிட்டுப் பெட்டியின் உள்ளே செலுத்துங்கள். பின்னால் நட்டு, முன்னால் கைப்பிடித் திருகு. திருகை இறுக்கினால் கொக்கி முன்னால் இழுபட்டு மேசையைக் கவ்வும். தலைப்பலகை பட்டையோடு அழுந்தும். கொக்கி ஒரு நெம்புகோல். மேல்முனை அதன் சுழல்புள்ளி. ஆகவே கம்பி எவ்வளவு கீழே செல்கிறதோ அவ்வளவு பிடிப்பு கூடும்.

6. முகப்பு: ரம்பத்தை நோக்கிய பக்கத்தில் சன்மைக்கா ஒட்டி, மெழுகு தேய்த்துவிட்டால் உராய்வு குறையும். பலகை தயங்காமல் செல்லும்.

7. அளவுகோல்: முன்பட்டையின் மேல் ஓர் எஃகு அளவுகோலைப் பதித்து, தலைப்பலகையில் குறிமுள் ஒன்றை வையுங்கள். கண்ணைக் குறிமுள்ளுக்கு நேர் மேலே வைத்துப் படிக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை வந்துவிடும் என்பதை மாணவர்கள் அறிவார்கள்.

ஒரே பல்லால் அளவிடுங்கள்

எல்லாம் பொருத்தியதும், மின் இணைப்புச் செருகியைக் கழற்றிவிட்டு, ரம்பத்தின் ஒரு பல்லில் சாக்கட்டியால் குறியிடுங்கள். அந்தப் பல்லை முன்புறம் மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, சட்டத்திலிருந்து அதன் தொலைவை அளவிடுங்கள். பிறகு ரம்பத்தைக் கையால் சுழற்றி, அதே பல்லைப் பின்புறத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் அளவிடுங்கள். வேறொரு பல்லைக் கொண்டு அளந்தால், ரம்பத் தகட்டில் உள்ள சிறு நெளிவு உங்கள் அளவோடு கலந்துவிடும். ஒரே பல்லைப் பயன்படுத்தும்போது அந்தப் பிழை இரு அளவுகளிலும் ஒன்றாகவே இருப்பதால் கழிந்துவிடுகிறது.

இரண்டு அளவுகளும் சமமாகும்வரை தொடு போல்ட்டைத் திருத்துங்கள். பிறகு சட்டத்தை வேறு இரண்டு இடங்களுக்கு நகர்த்தி, இறுக்கி, மீண்டும் சோதியுங்கள். இடத்துக்கு இடம் வேறுபட்டால் குறை சட்டத்தில் இல்லை. முன்பட்டை நேராக இல்லை என்பது பொருள். அதன்பின் பின்முனையில் ஒரு வில் தராசை மாட்டி 5 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். முனை நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் கைப்பிடித் திருகையோ முட்டுகளையோ கவனிக்க வேண்டும். இறுதியாக ஒரு பலகையை அறுத்து, அதன் இரு முனைகளின் அகலத்தையும் வெர்னியர் அளவியால் அளந்து ஒப்பிடுங்கள்.

சட்டம் செய்ய முடியாத காரியங்கள்

வழிச்சட்டம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் அது ஒன்றே பாதுகாப்பாகிவிடாது. மரத்துக்குள் வளரும்போதே உண்டான இறுக்கங்கள் இருக்கும். அறுத்ததும் அவை விடுபட்டு, பிளவு மூடிக்கொண்டு ரம்பத்தின் பின்பகுதியைப் பிடிக்கும். இதைத் தடுப்பதே ரம்பத்துக்குப் பின்னால் நிற்கும் பிரிகத்தி. அது பிளவை மூடவிடாது. அதைக் கழற்றி வைத்துவிட்டு அறுப்பது, வழிச்சட்டம் இல்லாமல் அறுப்பதற்குச் சமம். கட்டி மரத்தை அறுக்கும்போது, சட்டத்தின் முகத்தில் இன்னொரு பலகையைப் பொருத்தி, அது ரம்பத்தின் முன்பகுதியோடு முடியுமாறு வைப்பது ஐரோப்பிய வழக்கம். அறுபட்ட பகுதி விரிந்தாலும் நெருக்குண்ணாமல் விலக அங்கே இடம் கிடைக்கும்.

ரம்பம் பலகைக்கு மேல் ஒரு பல் உயரத்துக்கு மிகாமல் நீட்டினால் போதும். சட்டத்துக்கும் ரம்பத்துக்கும் இடையே 150 மி.மீட்டருக்குக் குறைவான இடம் இருந்தால் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ள வேண்டும். ரம்பத்துக்கு நேரே நிற்காமல் சற்று விலகி நிற்க வேண்டும். கண்ணாடி அணிவது நல்லது. கையுறை கூடாது, பல் அதைப் பற்றி விரலையும் சேர்த்து இழுத்துவிடும். தொங்கும் துண்டு, தளர்ந்த வேட்டி ஆகியவையும் அப்படியே. மாணவர்கள் சட்டத்தைச் செய்யலாம், சோதிக்கலாம். ரம்பத்தை ஓட்டுவதற்குப் பழகிய ஒருவர் உடனிருக்க வேண்டும்.

இயற்பியல் இன்னொரு வழியிலும் இங்கே துணை வந்திருக்கிறது. ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்க இயற்பியல் முனைவர் 1999இல் எண்ணி உருவாக்கத் தொடங்கிய அமைப்பில், ரம்பத்தின்மீது ஒரு சிறு மின்குறி செலுத்தப்படுகிறது. மனித உடல் மின்னேற்பு உடையது. விரல் பட்டதும் மின்குறி மாறும். உடனே அலுமினியக் கட்டை ஒன்று பற்களுக்குள் பாய்ந்து, விநாடியில் இருநூறில் ஒரு பங்குக்குள் ரம்பத்தை நிறுத்திவிடும். விரலில் ஒரு கீறலோடு போய்விடும். ஆயினும் அந்த அமைப்பு பலகை திருப்பி எறியப்படுவதைத் தடுக்காது. அதற்கு இன்றும் மருந்து, இணையாக நிற்கும் சட்டமும் பிரிகத்தியுமே.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டு மரத்தடிகள் வந்து இறங்குகின்றன. அவை பலகைகளாகி, எத்தனையோ சிறு பட்டறைகளுக்குச் செல்கின்றன. அங்கே பலகையைத் தள்ளும் ஒவ்வொரு கைக்கும் ரம்பத்துக்கும் இடையே உள்ள தூரம் சில அங்குலங்களே. ஒன்றிரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகள், ஒரு மரை வெட்டிய கம்பி, சில போல்ட்டுகள், ஒருநாள் உழைப்பு ஆகியவை அந்தச் சில அங்குலங்களைக் காக்கும் என்றால் அது மலிவான பேரம். உங்கள் பகுதியிலுள்ள பட்டறை ஒன்றுக்குச் சென்று, அங்குள்ள கைடின் முன் அளவையும் பின் அளவையும் ஒரே பல்லைக் கொண்டு அளந்து பாருங்கள். வேறுபாடு இருந்தால் அதைப் பட்டறைக்காரரிடம் காட்டுங்கள். கால் சுற்றுத் திருப்பத்தில் அது எப்படிச் சரியாகும் என்பதையும் சொல்லுங்கள்.